எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சொல்கிறீர்கள், எதைக் கூட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பத்து உணவுகள்' என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நெல்லிக்காய், முருங்கைக்கீரை, மஞ்சள் பால் எல்லாம் நல்ல சாப்பாடுதான், எங்கள் வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை உண்டு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் 'சக்தி' என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று பென்சிலை வைத்து எண்ணினேன். பதினேழு. முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். நானும் அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தவள்தான். அதனால் உங்கள் நிருபரைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை, என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எதிர்ப்பு சக்தி என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? செல்போன் பேட்டரி. மழையில் நனைந்தால் இரண்டு கோடு குறையும், கஷாயம் குடித்தால் ஒரு கோடு ஏறும். 2020இல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் ஊற்றினார்களே, நானும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன், தொண்டையைத் தாண்டியதும் உள்ளே ஏதோ ஏறிவிட்டது மாதிரிதான் இருந்தது. ஆனால் உடம்புக்குள் அப்படி ஏறி இறங்குகிற ஒற்றைப் பொருள் எதுவும் கிடையாது. எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் 'உங்கள் சக்தி 62' என்று சீட்டு வராது. உள்ளே இருப்பது ஒரு பெரிய கூட்டம், அதில் எத்தனை பேர் என்பதைவிட எத்தனை விதமான ஆட்கள் என்பதுதான் பெரிய கேள்வி. டி செல்லை வைத்துச் சொன்னால் இது புரியும். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்திகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

டி செல் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய் ஆளாகிறது. தைமஸின் ஆங்கில முதலெழுத்துதான் அந்த 'டி'. அந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்றே ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்பவர் பிறந்த உடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார், அவை கொஞ்ச நாளில் நோஞ்சானாகிச் செத்தன, வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட அதைத் தள்ளத் தெரியாமல் வைத்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் தைமஸுக்கு மரியாதை வந்தது.

ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஆயிரக்கணக்கில் ஏற்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்கிறது, கை என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு செல்லில் இருக்கிற கைகள் எல்லாம் ஒரே அச்சு, பக்கத்துச் செல்லை எடுத்தால் அதன் கை வேறு அச்சு. இந்தக் கை கிருமியை முழுசாகத் தொட்டுப் பார்ப்பதில்லை. நம் உடம்பின் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களைச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கின்றன, சம்பந்தி வீட்டார் சீர்வரிசைத் தட்டை வரிசையாகத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி. டி செல் ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொண்டு போகும். தட்டில் நம்முடைய சரக்கு இருந்தால் பேசாமல் போய்விடும், வைரஸின் துணுக்கு இருந்தால் பிடித்துக்கொள்ளும். தட்டும் துணுக்கும் சேர்ந்து இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும் என்று கான்பெராவில் ஜிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள், 1996இல் அதற்கு நோபல் கிடைத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தட்டில் வருகிற துணுக்கு பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் நீளம். அமினோ அமிலங்கள் 20 வகை. ஒன்பது இடத்தில் 20 வகையையும் மாற்றி மாற்றி வைத்தால் 51,200 கோடித் துணுக்குகள் சாத்தியம். நாளைக்கு எந்தக் கிருமி எந்தத் துணுக்கோடு வரும் என்று யாருக்கும் தெரியாது, 2019 டிசம்பருக்கு முன்னால் கொரோனா வரப்போவது நமக்கும் தெரியாது, நம் டி செல்லுக்கும் தெரியாது. ஆனாலும் அதைப் பிடிக்கிற கை நம்மில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே உள்ளே இருந்தது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் மொத்தமே ஏறக்குறைய 20,000தான். ஒரு கைக்கு ஒரு மரபணு என்று வைத்தால் கண்ணுக்கும் ஈரலுக்கும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் இதற்கே கொடுத்தாலும் காணாது. அப்படியானால் இத்தனை விதம் எங்கிருந்து வருகிறது?

வகுப்பில் இதை நடத்தும்போது நான் தமிழ் எழுத்தைத்தான் சொல்வேன். உயிர் 12, மெய் 18. முப்பது எழுத்தைத் தெரிந்துகொண்டால் 216 உயிர்மெய்யைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, கூட்டினால் வந்துவிடும். ஏற்பியின் மரபணுவும் அப்படித்தான் முழுசாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. ஏற்பிக்கு ஆல்பா, பீட்டா என்று இரண்டு சங்கிலி. பீட்டாவுக்கு முன்துண்டு ஏறக்குறைய 50, நடுத்துண்டு 2, பின்துண்டு 13. ஆல்பாவுக்கு நடுத்துண்டு கிடையாது, முன்துண்டு ஏறக்குறைய 50, பின்துண்டு 60 பக்கம். வளர்கிற ஒவ்வொரு டி செல்லும் தன் டிஎன்ஏவையே வெட்டி, ஒவ்வொரு குவியலிலிருந்தும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. பெருக்கிப் பாருங்கள், பீட்டா 1,300 விதம், ஆல்பா 3,000 விதம், இரண்டும் சேர்ந்தால் சுமார் 40 லட்சம்.

பிறக்கும்போது இருந்த டிஎன்ஏ சாகும் வரை மாறாது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சுசுமு டோனேகாவா, வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான பி செல் இப்படித் தன் மரபணுவையே வெட்டி ஒட்டித்தான் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்கிறது என்று காட்டினார், 1987 நோபல் அவருக்கு. டி செல்லின் ஏற்பி மரபணு அதற்குப் பிறகும் எட்டு வருடம் கைக்குச் சிக்காமல் இருந்து, 1984இல் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவுக்கும் கனடாவில் டாக் மாக் குழுவுக்கும் ஒரே சமயத்தில் அகப்பட்டது. வெட்டுகிற கத்தரிக்கோலின் பெயர் ராக். ராக்-1, ராக்-2 என்று இரண்டு அலகு. அந்தக் கத்தரிக்கோலே நமக்குச் சொந்தமானது இல்லை, டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவித் திரிந்த ஏதோ ஓர் ஒட்டுண்ணித் துண்டு 50 கோடி வருடத்துக்கு முன்னால் நம் மீன் மூதாதைக்குள் வந்து மாட்டிக்கொண்டு இந்த வேலைக்கு அமர்ந்துவிட்டது என்கிறார்கள். வஞ்சிரம், சுறா, கோழி, நாம், எல்லோருக்கும் அதே கத்தரிக்கோல்.

40 லட்சத்தோடு கதை முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. இரண்டு துண்டை ஒட்டும் இடத்தில், ஓரத்தில் சில எழுத்துகள் கொறிபட்டுப் போன பிறகு, எந்த மூலப்பிரதியிலும் இல்லாத சில எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்குச் செருகுவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், அச்சுக்கோப்பவர் வரிக்கு நடுவே கைக்கு வந்த எழுத்தைச் செருகினால் மறுநாள் வேலை இருக்காது. இங்கே அச்சுப்பிழை போடுவதற்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது உடம்பு. அதுவும் சரியாக எந்த இடத்தில்? ஏற்பியின் நுனியில், துணுக்கைத் தொடப்போகிற அந்த விரல் நுனியில். மூன்றில் இரண்டு ஒட்டு வாசிக்கவே முடியாத உளறலாகப் போய்விடும், போகட்டும். மிச்சமிருக்கிற ஒன்றில் வரக்கூடிய விதங்களைக் காகிதத்தில் கணக்குப் போட்டால் 1க்குப் பின்னால் 15 பூஜ்யம், பத்துக் கோடி கோடி, அதற்கு மேலும் போகும் என்பவர்கள் உண்டு. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பட்டியல் ஒன்றாக இருக்காது. ஜாதகம்கூட ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், இது இருக்காது.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் நம்மையே பிடிக்கிற கையும் வரத்தானே செய்யும்? வருகிறது. அதற்கு மெய்ப்புத் திருத்தும் இடம்தான் தைமஸ். தட்டையே தொடத் தெரியாதவை பட்டினியில் சாகும், நம் சொந்தச் சரக்கை இறுக்கிப் பிடிப்பவையும் அங்கேயே சாகும், வெளியே வருவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இதில் ஓர் அழகு பாருங்கள், கணையத்தில் மட்டும் செய்யவேண்டிய இன்சுலினைக்கூட தைமஸ் செல்கள் மாதிரிக்குக் கொஞ்சம் செய்து, 'இது நம்ம வீட்டுப் பொருள், இதைத் தொடாதே' என்று வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அப்படியும் சில தப்பித்து வெளியே வந்துவிடும். அவற்றை அடக்கி வைக்கவென்று தனியாகக் காவல் டி செல்கள் உண்டு. அதைக் கண்டுபிடித்த ஷிமோன் சகாகுச்சிக்கும் மேரி பிரங்கோவுக்கும் பிரெட் ராம்ஸ்டெலுக்கும்தான் 2025 மருத்துவ நோபல்.

சக்தியைக் கூட்டு, கூட்டு என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முடக்குவாதம், சின்ன வயதிலேயே வரும் முதல் வகை சர்க்கரை நோய் இவையெல்லாம் டி செல்கள் குறைந்து வருவதல்ல, திரும்பக்கூடாத பக்கம் திரும்பி வருவது. என் சக ஆசிரியை ஒருவர் முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அந்த மாத்திரையின் வேலையே இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் அடக்கி வைப்பது. அவருக்குப் போய் எதிர்ப்பு சக்தி லேகியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் மருமகள், அன்பாகத்தான்.

சரி, காகிதக் கணக்கு பத்துக் கோடி கோடி. உடம்பில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? நம்மிடம் மொத்த டி செல்களே 40,000 கோடி வாக்கில்தான், அதில் நிறைய ஒரே அச்சின் நகல்கள். 1999இல் ஆர்ஸ்டிலா குழு நேரடியாக எண்ணிப் பார்த்து, குறைந்தது இரண்டரைக் கோடி விதம் என்றது. 2014இல் இன்னும் நுட்பமாக எண்ணியவர்கள், பீட்டா சங்கிலியில் மட்டுமே ஓர் இளைஞருக்குப் பத்துக் கோடி பக்கம் வரும் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் 51,200 கோடித் துணுக்குக்கு இது போதாது. ஒன்பதைவிட நீளமான துணுக்குகளையும் சேர்த்து, ஒரு துணுக்குக்கு ஒரு கை என்று கறாராக வைத்தால் டி செல்களின் எடை மட்டுமே அரை டன் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அப்புறம் நாம் எங்கே நடப்பது? விடை என்னவென்றால், ஒரு கை ஒன்றை மட்டும் பிடிப்பதில்லை. டான் மேசன் 1998இல் இதைக் கணக்காகவே எழுதினார், 2012இல் பிரிட்டனின் கார்டிஃபில் ஆண்ட்ரூ சூவெல் குழு ஒரே ஒரு ஏற்பியை எடுத்துச் சோதித்து அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகளை அடையாளம் காண்கிறது என்று காட்டியது. நம் வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு பழைய சாவி இருக்குமே, பீரோவையும் திறக்கும், கொஞ்சம் ஆட்டினால் பெட்டியையும் திறக்கும், அந்த மாதிரி.

விதம் இவ்வளவு என்பதால் ஒவ்வொரு விதத்திலும் ஆள் ரொம்பக் குறைவு. ஒரு புதுக் கிருமியைப் பிடிக்கத் தெரிந்த டி செல் பத்து லட்சத்தில் ஒன்று இருந்தால் உண்டு. அது நிணநீர்க் கணுக்களில் சுற்றிச் சுற்றி, தனக்கான தட்டு எதிரே வரும்வரை காத்திருந்து, வந்ததும் இரண்டு நான்கு எட்டு என்று பிரிந்து படையாக வேண்டும். ஒரு வாரம் ஆகும். புதுக் காய்ச்சல் ஒரு வாரம் படுத்துவதற்கும் அதே கிருமி இரண்டாம் முறை வந்தால் சீக்கிரமே போய்விடுவதற்கும் இதுதான் காரணம், பெருகின ஆட்களில் ஒரு பகுதி நினைவாக உள்ளேயே தங்கிவிடுகிறது. 2003இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தைச் சிங்கப்பூரில் 17 வருடம் கழித்து 2020இல் எடுத்துப் பார்த்தார்கள், அந்த டி செல்கள் இன்னும் இருந்தன. தடுப்பூசி செய்வதும் இதுதான், சக்தியை ஏற்றுவதல்ல, குறிப்பிட்ட சில விதங்களை முன்கூட்டியே பெருக்கி வைப்பது. சின்னம்மை ஊசி போட்டால் மஞ்சள்காமாலையைத் தடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 'சக்தி' என்ற சொல்லைப் பேசியதும் இது மறந்துபோகிறது.

வயதானால் என்ன ஆகிறது? தைமஸ் பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும், எனக்கு இப்போது 66, என் நெஞ்சுக்குள் அது இருந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் இருக்கும். புது விதங்கள் வருவது சொட்டுச் சொட்டாகிவிடுகிறது. 2014 ஆய்வில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு விதங்களின் எண்ணிக்கை இளைஞர்களைவிட இரண்டிலிருந்து ஐந்து மடங்கு குறைந்திருந்தது. போதாக்குறைக்கு சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ், நம் நாட்டில் பெரியவர்கள் பெரும்பாலோரிடம் சத்தமில்லாமல் இருப்பது, அதைக் காவல் காக்கவே நினைவு டி செல்களில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி. எண்ணிக்கையில் என் டி செல்கள் அப்படியொன்றும் குறைந்திருக்காது. ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப இருக்கும், அவ்வளவுதான். நெல்லிக்காய் இதை மாற்றாது. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்தப் பத்து உணவுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் என் வயதுக்காரர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் இத்தனை விவரமாக நான் தெரிந்துகொண்டதற்குக் காரணம் பாடப்புத்தகம் இல்லை. என் அக்கா மகனுக்கு என் அண்ணன் மகளைக் கட்டினோம். அத்தை மகன், மாமன் மகள், ஊரில் எல்லோரும் செய்வதுதான், தமிழ்நாட்டில் நான்கு கல்யாணத்தில் ஒன்றுக்கு மேல் இன்னும் சொந்தத்தில்தான் நடக்கிறது. தாம்பூலம் மாற்றும்போது நானும் பக்கத்தில் நின்றவள். அன்று காலையில்கூட பன்னிரண்டாம் வகுப்பில் மெண்டல் நடத்திவிட்டு வந்திருப்பேன், எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது, இரண்டு பக்கத்திலும் எனக்குப் பேரன்.

இரண்டாம் மாதம் நாக்கில் வெள்ளை படிந்தது, மருந்து தடவத் தடவத் திரும்ப வந்தது. பேதி நிற்கவில்லை. பிறந்தபோது இடது தோளில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி சின்னத் தழும்பாக ஆறாமல் புண்ணாகவே இருந்து, அக்குளில் நெறிகட்டிச் சீழ் வைத்தது. 'பாப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி' என்றார்கள், டானிக் எழுதிக் கொடுத்தார்கள். சக்தி கம்மி என்றால் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம், நாங்களும் ஏற்றினோம். மூன்று மருத்துவமனை மாறினோம். நான்காவதாகப் பார்த்த ஓர் இளம் டாக்டர் மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இந்த வயதுக் குழந்தைக்கு இதயத்துக்கு மேலே தைமஸ் நிழல் பெரிதாகத் தெரிய வேண்டுமே, இங்கே காணோமே என்றார். பழைய ரத்தச் சீட்டுகளை எல்லாம் வாங்கி வரிசையாக வைத்தார். மொத்த வெள்ளை அணு 6,200, அதில் டி செல், பி செல் எல்லாம் சேர்ந்த லிம்போசைட் 9 சதவீதம். பெருக்கினால் 558. கைக்குழந்தைக்கு அது சாதாரணமாக நாலாயிரத்துக்கு மேல் இருக்கும், மூவாயிரத்துக்குக் கீழே போனாலே என்னவென்று பார்க்க வேண்டும். அந்த எண் இரண்டாம் மாதச் சீட்டிலேயே இருந்தது. நாலு பேர் கண்ணில் பட்டுப் போயிருக்கிறது, என் கண்ணிலும்தான்.

குழந்தைக்கு ராக்-1 மரபணு, அப்பாவிடமிருந்து வந்தது, அம்மாவிடமிருந்து வந்தது, இரண்டு பிரதியிலும் பழுது. அந்தக் கத்தரிக்கோல் இல்லை. அதனால் ஒரு துண்டைக்கூட வெட்டி ஒட்ட முடியவில்லை, டி செல்லும் இல்லை, பி செல்லும் இல்லை. ஸ்கிட் என்று இந்த நோய்க் கூட்டத்துக்குப் பெயர். வேறு ஒருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினால் குணமாகும், என் அண்ணன் பொருத்தம் பார்க்க முதல் ஆளாக ரத்தம் கொடுத்தான், ஆனால் ஊசியில் இருந்த, பலவீனமாக்கப்பட்டாலும் உயிருள்ள பிசிஜி கிருமி அதற்குள் ஈரல், நுரையீரல் எல்லாம் பரவியிருந்தது. ஏழாம் மாதம் குழந்தை போய்விட்டான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பிசிஜி ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். காசநோய் இவ்வளவு இருக்கிற நம் நாட்டில் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகக் காசம் வராமல் காப்பது அந்த ஊசிதான். 1968இல் நம் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது, அது வேறு விஷயம், பச்சைக் குழந்தைக்கு அது தேவை. டி செல்லே இல்லாத அபூர்வமான குழந்தைக்கு மட்டும்தான் அது ஆபத்து. அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இருக்கிறது. டி செல் தன் டிஎன்ஏவை வெட்டி ஒட்டும்போது நடுவில் வேண்டாத துண்டு ஒன்று மிஞ்சுமல்லவா, அதன் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன வளையமாகச் செல்லுக்குள்ளேயே கிடக்கும். ட்ரெக் என்று அதற்குப் பெயர். செல் பிரிந்து பெருகினாலும் வளையம் பெருகாது, ஏதோ ஒரு செல்லில் தங்கிவிடும். தையல்கடை வாசலில் வெட்டுத்துணி கிடந்தால் உள்ளே ஆள் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிற மாதிரி, ரத்தத்தில் இந்த வளையம் இருந்தால் தைமஸில் புது டி செல் தயாராகிறது என்று அர்த்தம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒற்றுத்தாளில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். 2005இல் ஜெனிபர் பக், கீ சான் இருவரும் இதை ஒரு சோதனையாகவே செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இதைத் தொடங்கியது, 2018 முடிவதற்குள் 50 மாநிலமும் வந்துவிட்டன. அங்கே 58,000 குழந்தைக்கு ஒன்று அகப்படுகிறது. சொந்தத்தில் கல்யாணம் அதிகமான இடங்களில் இது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றினால் நூற்றுக்கு 94 குழந்தைகள் பிழைக்கின்றன. நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை இன்னும் வரவில்லை.

அரசாங்கத்துக்கு மனு எழுதுகிறவர்கள் எழுதட்டும், நானும் எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை அந்தப் பக்கம் போடும்போது பத்து உணவில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: கைக்குழந்தைக்கு நாக்கில் வெள்ளை திரும்பத் திரும்ப வந்தால், பேதி வாரக்கணக்கில் நிற்காவிட்டால், ஊசி போட்ட இடம் ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போனால், வீட்டில் இதற்கு முன் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் போயிருந்தால், ரத்தச் சீட்டில் மொத்த வெள்ளை அணுவையும் லிம்போசைட் சதவீதத்தையும் பெருக்கிப் பாருங்கள், மூவாயிரத்துக்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். லேபில் சதவீதத்தை மட்டும் போட்டு எண்ணிக்கையைப் போடாமல் தருகிறார்கள், அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம்.

என் அண்ணன் மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். இந்தக் குழந்தைக்கும் அதே நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். நவம்பரில் பிரசவம். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் சோதனை செய்யவும், முடிவு வரும்வரை பிசிஜி போடாமல் நிறுத்திவைக்கவும் அந்த இளம் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை லேமினேட் செய்து பிரசவப் பையில் முதல் சாமானாக வைத்திருக்கிறாள்.

பெயர் போட வேண்டாம், வீட்டு விஷயம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மன்னார்குடி